காற்றில் எழுபத்தெட்டுப் பங்கு

வோகூர், சுதுரோய் தீவு
14 மே 2007

எஸ்கில் அவர்களுக்கு,

உங்கள் பெயர் விபத்து விசாரணை அறிக்கையின் ஒன்பதாம் பக்கத்தில் கிடைத்தது. "இறந்தவரின் ஆய்வுக்கூட இணை" என்று போட்டிருந்தார்கள். முகவரி கேட்டுப் பல்கலைக்கழக அலுவலகத்துக்குத் தொலைபேசினேன். தர முடியாது என்றார்கள். நான் இறந்தவனின் அக்கா என்றேன். உடனே தந்தார்கள். மார்ச்சிலிருந்து அந்த ஒரு வார்த்தைக்கு எல்லாக் கதவும் திறக்கிறது.

நான் சுன்னிவா. தம்பி ஹாய்னியைவிடப் பத்து வயது பெரியவள். மீன் தொழிற்சாலையில் வேலை. பதினாறு வயதோடு பள்ளியை விட்டேன். தீவில் நாங்கள் பேசுவது வேறு மொழி; என் டேனிஷ் பள்ளிக்கூடத்து டேனிஷ், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அறிக்கையில் இரண்டு வாக்கியம் இருக்கிறது. "லிஃப்டினுள் நைட்ரஜன் ஆவியாகி ஆக்சிஜன் வெளியேற்றப்பட்டதால் மூச்சடைப்பு. மாணவர் விதியை மீறித் தன்னிச்சையாக லிஃப்டில் ஏறியுள்ளார்." இருபது முறை படித்துவிட்டேன். 'தன்னிச்சையாக' நன்றாகப் புரிகிறது. அவன் முட்டாள் என்று நாகரிகமாகச் சொல்கிறார்கள். மற்றதுதான் புரியவில்லை.

உயிரியல் படிக்க வந்தவர்களுக்கு முதலில் வேதியியல் அடிப்படை சொல்லித் தருவார்களாமே. ஹாய்னி தொலைபேசியில் புலம்புவான். "அக்கா, நான் பறவை பாக்க வந்தேன். இவங்க என்னை உப்பு எடை போட வெச்சிருக்காங்க." அந்தப் பாடத்தை எனக்கு எழுதுங்கள், முதலிலிருந்து. நைட்ரஜன் என்றால் என்ன? அது ஒரு ஆளை என்ன செய்யும்?

மின்னஞ்சல் வேண்டாம். அழிப்பதற்கு மிகவும் சுலபம்.

சுன்னிவா


23 மே 2007

மதிப்பிற்குரிய சுன்னிவா,

உங்கள் கடிதம் வந்து ஆறு நாள். மேசைமேல் இருந்தது. நான் அறையின் மறுபக்கம் இருந்தேன்.

பாடம்.

எல்லாம் அணுக்களால் ஆனது. அணுக்களின் வெளிப்பகுதியில் எலெக்ட்ரான்கள். பெரும்பாலான அணுக்களுக்கு ஒரு குறை இருக்கும், ஓர் எலெக்ட்ரானோ இரண்டோ போதாமல். அந்தக் குறைக்காக வேறோர் அணுவோடு சேரும். சேர்ந்தது மூலக்கூறு. எங்கள் ஆசிரியை வின்தர் முதல் வகுப்பில் சொன்னார்: "பயாலஜி பசங்களா, உங்களுக்குக் கெமிஸ்ட்ரின்னா பல் டாக்டர்கிட்ட போற மாதிரி, தெரியும். ஆனா காதல்ல பாதிய இன்னைக்கே கத்துக்கப் போறீங்க. யாருக்கு என்ன குறை, யார் யார்கிட்ட ஒட்டுவாங்க. அவ்வளவுதான் சமாச்சாரம்." ஹாய்னி என் காதில், "மீதிப் பாதி எந்த செமஸ்டர்?" என்றான்.

நைட்ரஜன் அணுவுக்கு மூன்று குறை. இரண்டு நைட்ரஜன் அணுக்கள் மும்முறை இறுகப் பற்றிக்கொள்கின்றன. அதன்பின் அவற்றுக்கு யாரும் வேண்டாம். நிறமில்லை, மணமில்லை. நாம் இழுக்கும் காற்றில் நூற்றுக்கு எழுபத்தெட்டுப் பங்கு அதுதான். உள்ளே போய் அப்படியே வெளியே வருகிறது.

கடுங்குளிரில் அது திரவமாகும். ஒரு லிட்டர் திரவம் ஆவியானால் ஏறக்குறைய எழுநூறு லிட்டர் வாயு. சிறிய மூடிய இடத்தில் அது மற்றக் காற்றைத் தள்ளிவிடும். ஆக்சிஜனுக்கு இடம் இருக்காது.

ஆகவே ஒரு வழக்கம் உண்டு. திரவ நைட்ரஜன் இருக்கும் குடுவை லிஃப்டில் தனியாகப் போகும். கீழே ஒருவர் அதை உள்ளே வைத்து, வாசலில் சங்கிலி மாட்டி, 'ஏறாதீர்கள்' பலகையைத் தொங்கவிட்டு, பொத்தானை அழுத்திவிட்டு வெளியே வந்துவிடுவார். மேலே ஒருவர் காத்திருந்து எடுத்துக்கொள்வார். கதவு திறக்கும்போது உள்ளே யாரும் இருக்கமாட்டார்கள். புகைந்துகொண்டு ஒரு குடுவை மட்டும்.

அன்று குடுவை வகுப்புச் செயல்விளக்கத்துக்காக. இரண்டாம் மாடியைத் தாண்டியதும் லிஃப்ட் குலுங்கி நின்றது. திரவம் தரையில் கொட்டியது. மீதி அறிக்கையில் இருக்கிறது.

எஸ்கில்


வோகூர்
2 ஜூன் 2007

எஸ்கில்,

இருபது வயதுப் பையனை 'நீங்கள்' என்று எழுதக் கை கூசுகிறது. இனிமேல் நீ.

பாடம் புரிந்தது. நன்றாகவே எழுதுகிறாய், பல் டாக்டர்போல். வலிக்கும் பல்லை மட்டும் தொடவில்லை.

நான் கேட்டது வேறு. நேராகவே கேட்கிறேன்.

எங்கள் தொழிற்சாலையில் சால்மனை அறுக்குமுன் மயக்கவேண்டும். அதற்கு ஒரு தொட்டி. தொட்டித் தண்ணீரில் கரியமில வாயுவை ஏற்றுவோம். மீன் உள்ளே விழும். உடனே மயங்காது. அடித்துக்கொள்ளும். சுவரில் மோதும், ஒன்றன்மேல் ஒன்று ஏறும், வாய் கிழியத் திறக்கும். இரண்டு நிமிடம், மூன்று நிமிடம். தண்ணீர் நம் முகத்தில் தெறிக்கும். பிறகு அடங்கும். அந்தத் தொட்டியருகே நான் நான்கு வருடம் நின்றேன். அம்மா பதினோரு வருடம் நின்றாள். ஹாய்னி பள்ளி விடுமுறையில் ஒரே ஒரு நாள் வந்தான். மத்தியானமே வீட்டுக்குப் போய்விட்டான். அப்புறம் அந்தப் பக்கமே வரவில்லை.

'வாயு', 'மூச்சடைப்பு' என்று அறிக்கை சொன்னதும் எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே படம்தான் வந்தது. நாங்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை. சொல்லவேண்டிய அவசியம் இல்லை. அம்மா பாத்திரம் கழுவும்போது தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். குழாய் ஓடிக்கொண்டே இருக்கிறது. திடீரென்று கேட்பாள்: "அவன் துடிச்சிருப்பானா?" தினமும் கேட்கிறாள். நான் போய்க் குழாயை மூடுகிறேன்.

துடித்தானா?

சுன்னிவா


11 ஜூன் 2007

சுன்னிவா,

இல்லை. அது வேறு வாயு.

இதை முடிந்தவரை ஒழுங்காக எழுதப்போகிறேன்.

கரியமில வாயு தண்ணீரில் கரைந்தால் தண்ணீரோடு சேர்ந்து அமிலமாகிறது. மென்மையான அமிலம். சோடாத் தண்ணீர் நாக்கைச் சுரண்டுவது அதனால்தான். நம் உடம்பு நாள்முழுக்க இந்த வாயுவை உண்டாக்குகிறது. அது இரத்தத்தில் கரைகிறது. இரத்தம் மிகச் சிறிதளவு புளித்தாலே மூளையின் அடியில் ஒரு பகுதிக்குத் தெரிந்துவிடும். அது அலறும்: மூச்சு விடு. மூச்சை அடக்கிப் பாருங்கள், நெஞ்சுக்குள் ஒரு பதற்றம் வரும். அது ஆக்சிஜன் குறைந்ததால் வருவதல்ல. அமிலம் கூடியதால் வருவது.

உங்கள் தொட்டியில் மீன் அமிலத்தில் விழுகிறது. அதனால்தான் அடித்துக்கொள்கிறது.

நைட்ரஜன் கரைந்து அமிலமாவதில்லை. அதைச் சுவாசிப்பவர் கரியமில வாயுவை வழக்கம்போல் வெளியே விட்டுக்கொண்டே இருக்கிறார். இரத்தம் புளிப்பதில்லை. அலறவேண்டிய இடம் அமைதியாக இருக்கிறது. ஆக்சிஜன் குறைவதை உணர மனிதனிடம் சொல்லிக்கொள்ளும்படி ஓர் உறுப்பு இல்லை. தலை லேசாகும். பிறகு நினைவு போகும். வலி இல்லை. திணறல் இல்லை. மூச்சு முட்டுகிறது என்றே அந்த மனிதனுக்குத் தெரியாது.

இது நிச்சயம். மூன்று புத்தகங்களில் பார்த்தேன். வின்தரிடமும் கேட்டேன். ஏன் கேட்கிறாய் என்று அவர் கேட்கவில்லை.

வகுப்பு இன்னும் நடக்கிறது. என் பக்கத்து முக்காலியில் யாரும் உட்காருவதில்லை. அதை யாரும் அகற்றவும் இல்லை. போன வாரம் பிப்ரவரிச் சோதனையின் குறிப்பேடு திருத்தி வந்தது. அட்டையில் இரண்டு பெயர். இரண்டு பேருக்கும் மதிப்பெண்.

நான் இப்போது மாடிப்படிதான். நான்கு மாடி. ஏறும்போது சுவருக்கு அந்தப் பக்கம் லிஃப்ட் கூடவே வருகிறது. நான் நின்றால் அதுவும் நிற்பதுபோல் இருக்கிறது.

அம்மாவிடம் சொல்லுங்கள். துடிக்கவில்லை.

எஸ்கில்


வோகூர்
25 ஜூன் 2007

எஸ்கில்,

உன் கடிதத்தை அடுக்களை மேசையில் வைத்து அம்மாவுக்கு உரக்கப் படித்தேன். அவள் ருபார்ப் கீரையின் புளிப்புத் தண்டு நறுக்கிக்கொண்டிருந்தாள். முடித்ததும் கேட்டாள்:

"இத யாரு எழுதினது?"

"கூடப் படிச்ச பையன்."

"அவன் உள்ள இருந்தானா?"

"இல்லம்மா."

"அப்போ புத்தகத்தப் பாத்து எழுதியிருக்கான்."

அவ்வளவுதான். மறுபடி நறுக்க ஆரம்பித்தாள். சாயங்காலம் வழக்கம்போலக் கேட்டாள், துடிச்சிருப்பானா என்று.

எனக்குக் கோபம் வந்தது. அவள்மேல். பிறகு நானே எடுத்து ஒருமுறை படித்தேன். அவள் சொன்னது சரி. 'சுவாசிப்பவர்' என்று எழுதியிருக்கிறாய். 'மனிதன்' என்று எழுதியிருக்கிறாய். ஹாய்னி என்று ஓர் இடத்தில்கூட இல்லை. மனிதர்களுக்கு என்ன ஆகும் என்று நான் கேட்கவில்லை. எனக்கு மனிதர்களைப் பற்றிக் கவலை கிடையாது.

இன்னொன்று. முதல் கடிதத்தில் "மேலே ஒருவர் காத்திருந்து எடுத்துக்கொள்வார்" என்று எழுதினாய். அன்று மேலே யார்?

அவன் கைபேசியை எங்களுக்கு அனுப்பிவைத்தார்கள், ஒரு பிளாஸ்டிக் உறையில், அவன் சாவியோடும் பாதி தீர்ந்த இருமல் மிட்டாயோடும். நேற்றுத்தான் அதற்கு மின்சாரம் ஏற்ற மனம் வந்தது. மார்ச் ஒன்பதாம் தேதி. கடைசி இரண்டு அழைப்புகளும் உனக்கு. ஒன்று 1.10க்கு, ஒரு நிமிடம் ஐந்து விநாடி. அடுத்தது 1.19க்கு, முப்பத்து நான்கு விநாடி.

அறிக்கைப்படி லிஃப்ட் 1.16க்கு நின்றுவிட்டது.

சுன்னிவா


3 ஜூலை 2007

சுன்னிவா,

தேர்வுகள் நடந்தன. தாமதத்துக்கு மன்னியுங்கள்.

மேலே காத்திருக்க வேண்டியவன் நான். முதல் அழைப்பு, குடுவை தயார் என்று சொல்ல. இரண்டாவது அழைப்பில் இரைச்சல்தான் இருந்தது. விசாரணைக் குழுவிடமும் இதையே சொன்னேன். லிஃப்டுக்குள் இணைப்பு சரியாகக் கிடைக்காது.

வேறு கேள்வி இருந்தால் எழுதுங்கள்.

எஸ்கில்


வோகூர்
16 ஜூலை 2007

எஸ்கில்,

கடிகாரத்தை வைத்துக்கொண்டு முப்பத்து நான்கு விநாடி உட்கார்ந்து பார்த்தேன். நீயும் உட்கார்ந்து பார். ஞாயிற்றுக்கிழமை ஜெபம் முழுவதையும் அதற்குள் சொல்லிவிட முடிகிறது, ஆமென் வரை, அவசரமில்லாமல்.

வெறும் இரைச்சலை யாரும் அவ்வளவு நேரம் கேட்டுக்கொண்டிருக்கமாட்டார்கள்.

நான் போலீஸ் இல்லை. எனக்கு வேண்டியது ஒன்றுதான். அம்மாவின் அந்தக் கேள்விக்கு உலகத்தில் ஓர் ஆளுக்குத்தான் பதில் தெரியும். அது புத்தகத்தில் இல்லை.

சு.


9 ஆகஸ்ட் 2007

சுன்னிவா,

இதை நான்கு முறை எழுதினேன். நான்கிலும் முதல் வாக்கியம் அணுவைப் பற்றியதாக இருந்தது.

நான் நான்காம் மாடியில் இல்லை. பக்கத்துக் கட்டடத்து உணவகத்தில் இருந்தேன். வரிசையில். எனக்கு முன்னால் மூன்று பேர். இலவங்கப்பட்டை ரொட்டி அப்போதுதான் அடுப்பிலிருந்து வந்திருந்தது. அவ்வளவுதான் காரணம். இதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருந்திருக்கவேண்டும் என்று ஐந்து மாதமாகத் தேடுகிறேன். இல்லை.

1.10க்கு அவன் கூப்பிட்டான்.

"எஸ்கில், குடுவை ரெடி. மேல நிக்கறியா?"

"இல்லடா, ரொட்டி வாங்கிட்டிருக்கேன். நீயே ஏறி வந்துடு."

"ஏறக் கூடாதுன்னு பலகை தொங்குது."

"அது பயாலஜி பசங்களுக்குடா."

"நாமதான்டா பயாலஜி பசங்க."

சிரித்தோம். பிறகு அவன் சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டான். "நிஜமாத்தான் கேக்கறேன். ஒண்ணும் ஆகாதா?"

அப்போது நான் சொன்னேன். இதை அப்படியே எழுதவேண்டும். "நைட்ரஜன்டா. காத்துல எழுபத்தெட்டுப் பங்கு அதான். பொறந்ததுலேர்ந்து அதத்தான் இழுத்துட்டிருக்க. நாப்பது செகண்டுல மேல வந்துடுவ. உனக்கும் ஒரு ரொட்டி வாங்கறேன்."

அவன் கொஞ்சம் யோசித்தான். "ஆமால்ல," என்றான்.

அந்த எண் முந்தின வாரத் தேர்வில் வந்தது. இரண்டு பேரும் சரியாக எழுதியிருந்தோம். எண் சரி. விஷம் இல்லாத ஒன்று கொல்லாது என்று நான் நினைத்தேன். மீதியில் இருக்கும் இருபத்தொரு பங்கு ஆக்சிஜன்தான் நம்மை உயிரோடு வைத்திருக்கிறது என்பதும் எனக்குத் தெரியும். தெரிந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்கவில்லை.

அவன் தன்னிச்சையாக ஏறவில்லை. கேட்டுவிட்டு ஏறினான். என்னிடம் கேட்டான்.

1.19க்கு மறுபடி கூப்பிட்டான். லிஃப்ட் நின்றுவிட்டது என்றான். பயமில்லாத குரல். கொஞ்சம் குடித்தவன் குரல்போல் இருந்தது. அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கு இப்போது தெரியும். அப்போது அவன் விளையாடுகிறான் என்று நினைத்தேன். ஏதோ சொன்னான், நான் ஏதோ சொன்னேன். அவன் சிரித்தான். இருமல் இல்லை, திணறல் இல்லை. வயிற்றிலிருந்து வரும் அவனுடைய சிரிப்பு, மூக்கால் முடியுமே, அது. சிரிக்கும்போதே இணைப்பு போனது. நான் திரும்பக் கூப்பிடவில்லை. காசு கொடுக்கும் முறை வந்துவிட்டது.

இரண்டு ரொட்டியோடு படியேறினேன். மேலே கூட்டம்.

இதுதான் உங்கள் பதில். துடிக்கவில்லை. புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. கேட்டேன். இப்போதும் கேட்கிறேன். நூலகத்தில், பேருந்தில், பின்னால் யாராவது சிரித்தால் திரும்பிப் பார்ப்பதில்லை. திரும்பினால் வேறு யாராவது இருப்பார்கள்.

அவன் என்ன சொன்னான் என்பதை மட்டும் எழுத வரவில்லை.

எஸ்கில்


வோகூர்
2 செப்டம்பர் 2007

எஸ்கில்,

உன் கடிதத்தைத் தொழிற்சாலைக் கழிப்பறையில் படித்தேன். படித்துவிட்டு வெளியே வந்து எட்டு மணிநேரம் மீன் நறுக்கினேன். ஒரு விரலையும் வெட்டிக்கொள்ளவில்லை.

அன்று மாலை அம்மா கேட்கும்வரை காத்திருந்தேன். கேட்டாள்.

"இல்லம்மா. சிரிச்சான்."

காய் நறுக்கிக்கொண்டிருந்த கத்தியைக் கீழே வைத்தாள். "யாரு சொன்னா?"

"அந்தப் பையன் போன்ல கேட்டிருக்கான். கடைசி வரைக்கும் சிரிச்சிட்டிருந்தானாம்."

"மூக்கால முடியுமே, அந்தச் சிரிப்பா?"

நான் உன் கடிதத்தை அவளுக்குக் காட்டவில்லை. அவளாகத்தான் கேட்டாள்.

"ஆமாம்மா."

கத்தியைக் கழுவி வைத்தாள். பிறகு, "அப்போ அவன் தனியா இல்ல," என்றாள். போய்ப் படுத்தாள். மறுநாள் கேட்கவில்லை. அதற்கு மறுநாளும் கேட்கவில்லை.

இப்போது நான் எழுதப்போவதை நினைத்து உன்னைவிட எனக்குத்தான் பயம்.

'தன்னிச்சையாக' என்ற வார்த்தை அங்கே இருக்கக்கூடாது. அதை எடுக்க உன்னால் மட்டுமே முடியும். நீ போய்ச் சொன்னால் புதிய அறிக்கை வரும். அது அம்மா பெயருக்குத்தான் வரும், அவள்தான் தாய். என்னைவிட அவளுக்கு டேனிஷ் நன்றாகத் தெரியும். கூடச் சிரித்தவனும் ஏறச் சொன்னவனும் ஒரே ஆள் என்று படித்துவிடுவாள். ஐந்து மாதம் கழித்து அவளுக்குக் கிடைத்தது அந்த ஒரு சிரிப்புத்தான். அதையும் அவளிடமிருந்து எடுத்துவிடும்படி உன்னிடம் சொல்கிறேன்.

மூன்று நாள் யோசித்தேன். போய்ச் சொல். பொய்யின்மேல் அவளைத் தூங்கவைக்க எனக்கு மனமில்லை.

உன்னை மன்னித்தேனா என்று கேட்காதே. தெரியவில்லை. கடையில் ரொட்டி இருக்கும் பக்கம் நான் போவதில்லை.

சுன்னிவா


20 செப்டம்பர் 2007

சுன்னிவா,

செவ்வாய்க்கிழமை போனேன். குழுவில் மூன்று பேர். சொன்னேன். தட்டச்சு செய்த பெண், "எழுபத்தெட்டுன்னா எண்ணால போடவா, எழுத்தாலயா?" என்று கேட்டாள். எழுத்தால் என்றேன்.

வின்தர் வெளியே நடைபாதையில் நின்றிருந்தார். "என் வகுப்புலதானே அந்த எண்ணக் கத்துக்கிட்ட," என்றார்.

அவர்கள் என்னை என்ன செய்வார்கள் என்று தெரியாது. அறிக்கை இரண்டு வாரத்தில் உங்கள் வீட்டுக்கு வரும்.

எஸ்கில்


வோகூர்
15 அக்டோபர் 2007

எஸ்கில்,

வந்தது. அம்மா மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு தானே படித்தாள். இரண்டு முறை. நான் எதிரே உட்கார்ந்திருந்தேன். உன் பெயர் வந்த இடத்தில் விரலை வைத்தாள். எடுக்கவே இல்லை.

கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. நான் உன் கடிதங்கள் எல்லாவற்றையும் கொண்டுவந்து முன்னால் வைத்தேன். அவற்றையும் படித்தாள். கடைசியில் சொன்னாள்:

"அவன் என்ன சொல்லிச் சிரிச்சான்னு இதுல இல்லயே."

"எழுத வரலையாம்."

"எழுதச் சொல்லு. என் புள்ள கடைசியாப் பேசின பேச்சு அது. அந்தப் பையன்கிட்ட இருக்கு. அவன் வெச்சுக்க முடியாது."

நான் அப்படியே எழுதியிருக்கிறேன். அவள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறாள். உறையில் அவளே பசை தடவுவாளாம்.

சுன்னிவா


24 அக்டோபர் 2007

ஹாய்னியின் அம்மாவுக்கு,

அவன் சொன்னது:

"எஸ்கில், லிஃப்ட் நின்னுடுச்சுடா. முழங்கால் வரைக்கும் வெள்ளையா பனிமூட்டம். எங்க மலைல விடிகாலைல நிக்கற மாதிரியே இருக்கு. ஆடுதான் ஒண்ணையும் காணோம்."

நான் ஆடுபோல் கத்தினேன். உணவக வரிசையில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"அதோ ஒண்ணு வந்துடுச்சு," என்றான்.

அதற்குத்தான் சிரித்தான்.

எஸ்கில்